இரண்டு பிரீமியம் எலக்ட்ரிக் எஸ்யூவிகளில் எதை எடுப்பது: முழுமையான வழிகாட்டி

பல வண்டிகளைப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் இரண்டில் வந்து நிற்பவர்களுக்கான வழிகாட்டி இது. இந்தக் கட்டத்தில் கம்பெனியின் கையேடு பெரிதாக உதவாது. இரண்டிலும் 500 கிலோமீட்டருக்கு மேல் ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் போகும் தூரம்) போட்டிருக்கும், இரண்டும் ஐந்தாறு நொடியில் 100 கி.மீ. வேகத்தை எட்டும், இரண்டிலும் பெரிய திரை, கண்ணாடிக் கூரை, மசாஜ் சீட். எண்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால்தான் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறோம்.

ஆனால் அந்த எண்கள் சோதனைக்கூடத்தின் நிபந்தனைகளில் எடுத்தவை. அவற்றை உங்கள் வேகம், உங்கள் தூரம், உங்கள் வீட்டு மின் இணைப்பு ஆகியவற்றுக்கு மாற்றிக் கணக்குப் போட்டால் இரண்டு வண்டிகளும் தெளிவாகப் பிரிந்துவிடும். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது, எண்ணில் வராதவற்றை நேரில் எப்படிச் சோதிப்பது என்று பார்ப்போம்.

உதாரணத்துக்கு நான்கு வண்டிகளை எடுத்துக்கொள்கிறோம்: 2025க்கு முந்தைய பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ்50, மெர்சிடிஸ் ஈக்யூஈ எஸ்யூவி, ஆடி க்யூ8 ஈ-ட்ரான் 55, எலக்ட்ரிக் போர்ஷே மக்கான் 4. உங்கள் மனத்தில் இருப்பவை வேறு இரண்டாக இருக்கலாம். எண்களை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் உங்களைப் பற்றி எழுதுங்கள்

ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். வருடத்தில் சில முறையாவது போகும் மிக நீண்ட பயணம் எவ்வளவு தூரம். நெடுஞ்சாலையில் உண்மையில் எந்த வேகத்தில் போவீர்கள். வழக்கமாக எத்தனை பேர், எவ்வளவு சாமான். வண்டி இரவில் நிற்கும் இடத்தில் சார்ஜர் போட முடியுமா.

கடைசிக் கேள்விக்கு "முடியாது" என்பது பதிலானால், ரேஞ்சை விட டிசி சார்ஜிங் (பொது இடங்களில் உள்ள வேகச் சார்ஜர்) வேகத்துக்கு இரண்டு மடங்கு மதிப்பெண் கொடுங்கள். வீட்டில் சார்ஜர் இருந்து, நீண்ட பயணம் அரிதாக இருந்தால் நிலைமை தலைகீழ். அப்போது டிசி வேகத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பெரிய பொருள் இல்லை. சீட், சஸ்பென்ஷன், சத்தமின்மை ஆகியவையே நீங்கள் தினமும் அனுபவிப்பவை.

படி 2: ரேஞ்சை உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள்

முதலில் பயன்படுத்தக்கூடிய பேட்டரி அளவைக் கண்டுபிடியுங்கள். விளம்பரத்தில் வருவது பல நேரம் மொத்த அளவு. க்யூ8 ஈ-ட்ரான் 55இன் மொத்தம் 114 கிலோவாட் மணி, பயன்படுவது 106. மக்கானில் மொத்தம் 100, பயன்படுவது 95. மீதி, செல்களைப் பாதுகாக்க ஒதுக்கி வைத்தது. ஒரு கிலோவாட் மணி என்பது மின் கட்டண ரசீதில் வரும் ஒரு யூனிட்தான் என்பதால் இனி யூனிட் என்றே சொல்வோம்.

அடுத்தது, அந்த ரேஞ்ச் எந்தச் சோதனையில் வந்தது என்று பாருங்கள். ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி சோதனையில் சராசரி வேகம் சுமார் 46.5 கி.மீ. மட்டுமே. வெப்பநிலை 23 டிகிரி, குளிர்சாதனம் ஓடாது. அமெரிக்காவின் ஈபிஏ, ஆய்வகத்தில் வந்த எண்ணைப் பொதுவாக 0.7ஆல் பெருக்கிக் குறைத்துச் சொல்வதால் நிஜத்துக்கு அருகில் வரும். சீனாவின் சிஎல்டிசியில் சராசரி வேகம் 30 கிலோமீட்டருக்கும் கீழே. அங்கே ரேஞ்ச் எப்போதும் தாராளமாகத்தான் வரும். இரண்டு வண்டிகளையும் ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே சோதனையின் எண்ணை எடுங்கள். ஒன்றுக்கு டபிள்யூஎல்டிபி, இன்னொன்றுக்கு ஈபிஏ என்று கலந்துவிட்டால் கணக்கே தப்பு.

அதன்பிறகு ரேஞ்சை மறந்துவிட்டு, 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்பதை மட்டும் பாருங்கள். பெரிய எலக்ட்ரிக் எஸ்யூவி ஒன்று கலவையான ஓட்டத்தில் 18 முதல் 23 யூனிட் வரை எடுக்கும். 120 கி.மீ. வேகத்தில் நிலையாகப் போனால் 24 முதல் 28 வரை ஏறும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி உயர்வதுதான் காரணம்.

காற்று எவ்வளவு தின்னும் என்று பாருங்கள். முகப்புப் பரப்பு 2.8 சதுர மீட்டர் உள்ள இரண்டு வண்டிகள். ஒன்றின் காற்று எதிர்ப்புக் குணகம் (வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதற்கான எண்) 0.25, இன்னொன்றுக்கு 0.29. 120 கி.மீ. வேகத்தில் காற்றைத் தள்ள மட்டும் முதல் வண்டிக்கு 100 கிலோமீட்டருக்கு சுமார் 13 யூனிட் வேண்டும், இரண்டாவதற்கு 15. கையேட்டில் 0.04 என்று சின்னதாகத் தெரியும் வித்தியாசம், நெடுஞ்சாலையில் இரண்டு யூனிட். அதே இரண்டு வண்டிகள் நகரத்துக்குள் 40 கிலோமீட்டரில் ஓடினால் வித்தியாசம் கால் யூனிட்கூட வராது. அதனால் முதல் படியில் எழுதிய வேகத்தைப் பார்த்துவிட்டு இந்த எண்ணுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.

நகர நெரிசலில் கணக்கைக் கெடுப்பது குளிர்சாதனமும் ஹீட்டரும்தான். 1.5 கிலோவாட் எடுக்கும் குளிர்சாதனம், 100 கி.மீ. வேகத்தில் போகும்போது 100 கிலோமீட்டருக்கு 1.5 யூனிட் சேர்க்கும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் அதே குளிர்சாதனம் 7.5 யூனிட் சேர்க்கும். கடுங்குளிரில் இன்னும் மோசம். சாதாரண ஹீட்டர் 3 முதல் 5 கிலோவாட் வரை இழுக்கும். குளிர்ப் பகுதியில் ஓட்டுபவர்கள் ஹீட் பம்ப் (குறைந்த மின்சாரத்தில் வண்டியைச் சூடாக்கும் கருவி) இருக்கிறதா என்று அந்த வேரியண்டின் பட்டியலிலேயே பார்க்க வேண்டும். ஒரே மாடலில் ஒரு நாட்டுக்கு இருக்கும், இன்னொன்றுக்குத் தனி விலை, சில இடங்களில் இருக்கவே இருக்காது.

இப்போது ஒரு உண்மையான தூரம் போட்டுப் பார்ப்போம். மக்கான் 4இன் டபிள்யூஎல்டிபி ரேஞ்ச் 613 கி.மீ. வரை. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 25 யூனிட் என்று வைத்தால், 100 சதவீதத்தில் கிளம்பி 10 சதவீதத்தில் நிறுத்தும்வரை 85.5 யூனிட், அதாவது 342 கி.மீ. அடுத்த கட்டத்தில் 10இலிருந்து 80 வரை மட்டும் ஏற்றுவோம் என்பதால் 66.5 யூனிட், 266 கி.மீ. இந்த இரண்டு எண்கள்தான் உங்கள் பயணத்தின் ரேஞ்ச். வண்டியைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை, எல்லா எலக்ட்ரிக் வண்டிக்கும் இப்படித்தான். உங்கள் இரண்டு வண்டிகளுக்கும் முதல் கட்ட தூரம், அடுத்த கட்ட தூரம் என்று இரண்டு எண்களை எழுதி வையுங்கள்.

படி 3: சார்ஜிங்கில் உச்ச வேகத்தைப் பார்க்காதீர்கள்

பலர் சறுக்கும் இடம் இது. "170 கிலோவாட்", "270 கிலோவாட்" என்று போடுவது உச்ச வேகம். அது சில நிமிடங்கள் மட்டுமே நிற்கலாம். உங்களுக்கு வேண்டியது 10இலிருந்து 80 சதவீதம் வரையிலான சராசரி. அதைக் கண்டுபிடிக்க, பயன்படும் பேட்டரி அளவை 0.7ஆல் பெருக்கி, கம்பெனி சொல்லும் நிமிடங்களால் வகுத்து, 60ஆல் பெருக்குங்கள்.

ஈக்யூஈ எஸ்யூவி: பயன்படுவது 90.6 யூனிட், உச்சம் 170 கிலோவாட், நேரம் 32 நிமிடம். சராசரி சுமார் 119 கிலோவாட். க்யூ8 ஈ-ட்ரான் 55: உச்சம் அதே 170, நேரம் 31 நிமிடம்; ஆனால் அதற்குள் ஏறுவது 74 யூனிட், சராசரி 144 கிலோவாட். ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ்50: உச்சம் 195, பயன்படுவது 105.2, நேரம் 35 நிமிடம், சராசரி 126. உச்சம் அதிகமுள்ள ஐஎக்ஸை விட உச்சம் குறைந்த ஆடி வேகமாக ஏற்றுகிறது! ஆடியின் சார்ஜிங் வேகம் கடைசி வரை அதிகம் இறங்காமல் நிற்பதே காரணம். மக்கான்: உச்சம் 270, 21 நிமிடம், சராசரி 190.

அதற்காக மக்கானை எடுத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்ட வேண்டாம். 600 கி.மீ. பயணத்தை எடுங்கள். எல்லா வண்டிக்கும் 25 யூனிட் என்று வைத்தால் மொத்தம் 150 யூனிட் தேவை. மக்கான் முதல் கட்டத்தில் 85.5 தந்துவிடும், வழியில் ஏற்ற வேண்டியது 64.5, சுமார் 20 நிமிடம். ஐஎக்ஸ் பெரிய பேட்டரி என்பதால் முதல் கட்டத்திலேயே 94.7 தந்துவிடும், மீதி 55.3க்கு 26 நிமிடம். வித்தியாசம் ஆறே நிமிடம். ஈக்யூஈ முதல் கட்டத்தில் 81.5 தரும்; மீதி 68.5. அது 10 முதல் 80 வரையிலான அளவைத் தாண்டுவதால், 80க்கு மேல் மெதுவாக ஏறும் பகுதிக்குள் போக வேண்டும், அல்லது இரண்டாவது முறை நிற்க வேண்டும்.

பயணம் 1,000 கிலோமீட்டரானால் கதை மாறும். மக்கானுக்கு மொத்தம் 52 நிமிடம், ஐஎக்ஸுக்கு 74. நீண்ட தூரம் அடிக்கடி போகிறவர்களுக்குத்தான் மக்கானில் உள்ள 800 வோல்ட் கட்டமைப்பு (மற்ற மூன்றும் 400 வோல்ட் வகுப்பு) காசுக்கு ஈடு கொடுக்கும். 600 கிலோமீட்டருக்குள் ஒரு முறை நின்றால் போதும் என்பவர்களுக்கு அந்த நேரம் ஒரு சாப்பாட்டு இடைவேளைக்குள் அடங்கிவிடும்.

சார்ஜரின் எல்லையும் முக்கியம். சார்ஜிங் துப்பாக்கி (வண்டியில் சொருகும் முனை) 200 ஆம்பியர் மட்டுமே தரும் இடத்தில், 400 வோல்ட் வகுப்பு வண்டிக்கு 70 முதல் 80 கிலோவாட்டுக்கு மேல் வராது, வண்டியின் உச்சம் எதுவானாலும் சரி. அதே 200 ஆம்பியரில் 800 வோல்ட் வண்டி கிட்டத்தட்ட இரு மடங்கு எடுக்கும். ஆனால் 500 வோல்ட்டோடு நின்றுவிடும் பழைய சார்ஜரில் 800 வோல்ட் வண்டி நேரடியாக ஏறாது. மக்கானும் ஆடி க்யூ6 ஈ-ட்ரானும் பேட்டரியை இரண்டு 400 வோல்ட் பகுதிகளாகப் பிரித்து 135 கிலோவாட் வரை எடுக்கின்றன. ஹூண்டாய், கியா வண்டிகள் மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் கொண்டே மின்னழுத்தத்தை உயர்த்திக்கொள்கின்றன. உங்கள் வழித்தடத்தில் உள்ள சார்ஜர்களின் கிலோவாட் அளவோடு ஆம்பியர், வோல்ட் எல்லையையும் செயலியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 60 கிலோவாட் சார்ஜர்கள் மட்டுமே இருக்கும் பாதையில் இரண்டு வண்டிகளுக்கும் ஒரே வேகம்தான்.

இன்னொரு கேள்வி: பேட்டரியை முன்கூட்டியே சூடாக்கும் வசதியைக் கையால் போட முடியுமா? பல வண்டிகளில், வண்டியின் சொந்த மேப்பில் சார்ஜரை இலக்காக வைத்தால் மட்டுமே அது தானாக வேலை செய்யும். போன் மேப்பை வைத்து ஓட்டிக்கொண்டு போய்க் குளிர்ந்த பேட்டரியோடு சொருகினால், 150க்கு மேல் எடுக்க வேண்டிய வண்டி 50, 60இல் திணறும். சார்ஜர் பழுது என்று பலரும் நினைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

படி 4: வீட்டு சார்ஜிங்

இங்கே இரண்டு வண்டிகளுக்கும் பெரிய வித்தியாசம் இராது, ஒரு விஷயம் தவிர. 11 கிலோவாட் ஆன்போர்டு சார்ஜர் (வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்ற வண்டிக்குள்ளேயே இருப்பது) என்பது மூன்று ஃபேஸில் தலா 16 ஆம்பியர். ஒற்றை ஃபேஸ் இணைப்பில் சில வண்டிகள் 32 ஆம்பியர் எடுத்து 7.4 கிலோவாட் தரும். சில 16 ஆம்பியரோடு நின்று 3.7 மட்டுமே தரும். உங்கள் வீடு ஒற்றை ஃபேஸ் என்றால் இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

100 யூனிட் பேட்டரியை 10இலிருந்து 80க்கு ஏற்ற, இழப்பையும் சேர்த்து சுமார் 77 யூனிட் வேண்டும். 11 கிலோவாட்டில் ஏழு மணி நேரம், 7.4இல் பத்தரை மணி, சாதாரண 10 ஆம்பியர் பிளக்கில் 33 மணி நேரம். பேட்டரி பெரிதாக ஆக பிளக்கை நம்ப முடியாது.

32 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடுவதால் தனி லைன், 40 ஆம்பியர் பிரேக்கர், குறைந்தது 6 சதுர மி.மீ. தாமிரக் கம்பி வேண்டும். தூரம் அதிகமென்றால் இன்னும் தடிமன். எர்த் சரியில்லாவிட்டால் வண்டி சார்ஜே எடுக்காமல் பிழை காட்டும். வண்டி வந்தபிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட, புக் செய்யும் முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் தடையை அளந்து பார்ப்பது நல்லது.

படி 5: எடையும் டயரும்

இந்த வகை வண்டிகள் இரண்டரை டன்னைச் சுற்றி நிற்பவை. சாலையில் அது தெரியாது, டயர் மாற்றும்போது தெரியும். ஒரே மாடலை 20 அங்குலச் சக்கரத்திலும் 22 அங்குலச் சக்கரத்திலும் விற்பார்கள். பெரிய சக்கரத்தில் ரேஞ்ச் 5 முதல் 10 சதவீதம் வரை போகலாம், பக்கச் சுவர் மெலிந்து குழியில் ரிம் அடிபடும், டயரும் விலை கூடும். விளம்பரத்தில் உள்ள ரேஞ்ச் சிறிய சக்கரத்துக்கானது, படத்தில் இருப்பது பெரிய சக்கரம். எங்கள் தீர்ப்பு இதில் தெளிவானது: கிடைப்பதில் சிறிய சக்கரத்தையே எடுங்கள், சாலை மோசமென்றால் யோசிக்கவே வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் உள்ள சுமை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 107 என்றால் ஒரு டயர் 975 கிலோ தாங்கும், 111 என்றால் 1,090 கிலோ. மாற்று டயர் வாங்கும்போது அளவு பொருந்துகிறதே என்று சுமை எண் குறைந்ததைப் போட்டுவிட்டால், வெயிலில் முழுச் சுமையோடு வேகமாகப் போகும்போது டயர் சூடாகி வெடிக்க இடமுண்டு. உள்ளே நுரை ஒட்டிய டயர் என்றால், பஞ்சர் ஒட்ட அந்த இடத்து நுரையை வெட்டியெடுக்க வேண்டும், எல்லாக் கடையிலும் செய்ய மாட்டார்கள். பெரும்பாலான மாடல்களில் ஸ்டெப்னியும் கிடையாது.

ஏற்றக்கூடிய சுமையையும் கணக்கிடுங்கள்: அனுமதித்த மொத்த எடையிலிருந்து வண்டி எடையைக் கழித்தால் வருவது. ஐரோப்பியக் கணக்கில் வண்டி எடையிலேயே 75 கிலோ ஓட்டுநர் சேர்ந்திருப்பார், ஜெர்மன் டிஐஎன் கணக்கில் சேராது. இதைக் கவனிக்காமல் ஒப்பிட்டால் 75 கிலோ தப்பும். ஓட்டுநர் சேராத கணக்கில் 550 கிலோ சுமை என்று போட்ட ஏழு சீட் வண்டியில், தலைக்கு 75 கிலோ வீதம் ஏழு பேர் ஏறினாலே 525. சாமானுக்கு 25 கிலோதான் மிச்சம்.

டிரெய்லர் இழுப்பவர்களுக்கு இது ஒன்றே தீர்ப்பாகலாம்: ஐஎக்ஸ் 2,500 கிலோ இழுக்கும், ஈக்யூஈ எஸ்யூவியும் க்யூ8 ஈ-ட்ரானும் 1,800 கிலோ.

படி 6: ஷோரூமில் ஒரு மணி நேரம், அளவு டேப்போடு

சேல்ஸ்மேன் திரையைக் காட்டத் தொடங்கும் முன் பின் சீட்டில் உட்காருங்கள். தரைக்கடியில் பேட்டரி இருப்பதால் பல எலக்ட்ரிக் எஸ்யூவிகளில் பின்புறத் தரை உயர்ந்திருக்கும். முழங்கால் மேலே தூக்கி, தொடை சீட்டில் படாமல் தொங்கும். இரண்டு மணி நேரப் பயணத்தில் இடுப்பு வலிக்கும். சோதிக்கும் விதம்: முன் சீட்டைக் கடைசி வரை இறக்கி, உங்கள் வசதிக்கு வைத்துவிட்டு, அதன் பின்னால் நீங்களே உட்காருங்கள். தொடைக்கும் சீட்டுக்கும் இடையே கை தாராளமாக நுழைந்தால் அது பெரியவர்களுக்கான சீட் இல்லை. பாதம் முன் சீட்டுக்கு அடியில் போகிறதா என்றும் பாருங்கள். நடுச் சீட்டிலும் ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

கண்ணாடிக் கூரைக்குத் திரை இருக்கிறதா? ஐஎக்ஸில் துணித் திரை கிடையாது, மின்சாரத்தால் மங்கலாகும் கண்ணாடி விருப்பத் தேர்வாக வரும். மதிய வெயிலில் வண்டியை நிறுத்திப் பின் சீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தலை சுடுகிறதா என்பது தெரிந்துவிடும்.

பூட் லிட்டர் கணக்கை நம்ப வேண்டாம். சின்னக் கட்டைகளை அடுக்கி அளப்பார்கள். சில கம்பெனிகள் தரைக்கடியில் உள்ள பள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளும். உங்கள் பெரிய பெட்டியையும் குழந்தை வண்டியையும் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். முன்பக்கம் மக்கானில் 84 லிட்டர், க்யூ8 ஈ-ட்ரானில் 62 லிட்டர் இடம் உண்டு. ஐஎக்ஸிலும் ஈக்யூஈயிலும் பானட்டை உரிமையாளர் திறக்கவே வழியில்லை; ஐஎக்ஸில் வைப்பர் தண்ணீரை லோகோவைத் திறந்துதான் ஊற்ற வேண்டும். மழையில் நனைந்த சார்ஜிங் கேபிளைச் சாமானோடு சேர்த்து வைக்க நேரும் என்பதுதான் இதில் வரும் தொல்லை.

வெளியே வந்து அகலத்தை அளங்கள். ஐஎக்ஸ் பக்கக் கண்ணாடிகள் இல்லாமலேயே 1,967 மி.மீ. நிறுத்துமிடத்தில் கதவைத் திறந்து இறங்க இரு பக்கமும் சேர்த்து இன்னும் ஒரு மீட்டராவது வேண்டும். சார்ஜிங் துளை எங்கே என்றும் பாருங்கள். ஐஎக்ஸில் வலப்பக்கப் பின்புறம், க்யூ8 ஈ-ட்ரானில் முன் ஃபெண்டர். வீட்டுச் சார்ஜர் எந்தச் சுவரில் வரும், வண்டியை முன்பக்கமாக நிறுத்துவீர்களா ரிவர்ஸிலா, கேபிள் எட்டுமா என்பதெல்லாம் இதைப் பொறுத்தது.

படி 7: டெஸ்ட் டிரைவ்

ஒரே நாளில், ஒரே பாதையில், ஒரே ஆட்களோடு இரண்டையும் ஓட்டுங்கள். கால் மணி நேரச் சுற்று போதாது. ஒரு மணி நேரம் கேளுங்கள், தர மறுத்தால் வேறு டீலரிடம் கேளுங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே சக்கர அளவும் அதே சஸ்பென்ஷனும் உள்ள வண்டியா என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் ஓட்டிவிட்டு ஸ்பிரிங் வைத்ததை புக் செய்தவர்கள் பிறகு வருந்துவது வழக்கம்.

கிளம்பியதும் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வேகத்தடைகளில் மெதுவாக ஏறி இறங்குங்கள். பின் சீட்டில் இருப்பவரிடம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டரை டன் வண்டி முன் சக்கரத்தை நன்றாகத் தாங்கி, பின் சக்கரத்தில் தூக்கிப் போடுவது சகஜம், ஓட்டுபவருக்கு அது தெரியாது. நெடுஞ்சாலையில் நிலையான வேகத்தில் பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். இன்ஜின் சத்தம் இல்லாததால் கண்ணாடி ஓரத்தில் விசிறும் காற்றும் டயரின் முழக்கமும்தான் காதில் விழும். பிறகு கரடுமுரடான சாலையில் அதே வேகத்தில் ஒருமுறை.

பிரேக்குக்குத் தனிக் கவனம் வேண்டும். பெடலின் முதல் பகுதியில் மோட்டார் பிடிக்கும், ஆழமாக மிதித்தால் டிஸ்க் சேரும். இரண்டும் மாறும் இடத்தில் தடங்கல் தெரிகிறதா என்று, சிக்னலுக்கு மெதுவாக நிற்கும்போது கவனியுங்கள். பேட்டரி 100 சதவீதம் இருக்கும்போதும் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதும் மோட்டார் பிடிப்பு குறைந்துவிடும். அப்போதும் பெடல் ஒரே மாதிரி நடந்துகொள்வதுதான் நல்ல பொறியியல். ஒற்றைப் பெடலில் (ஆக்சிலரேட்டரை விட்டாலே வண்டி வேகம் குறைந்து நிற்கும்படி) ஓட்ட விரும்புபவர்கள், அந்த அமைப்பு வண்டியை அணைத்துப் போட்டாலும் நினைவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குறுகிய இடத்தில் யூ திருப்பம் எடுங்கள். பின் சக்கரமும் திரும்பும் வசதி பெரிய வண்டியில் சொகுசு இல்லை, தினசரி உதவி. ஈக்யூஈ எஸ்யூவியில் பின் சக்கரம் 10 டிகிரி வரை திரும்பும். திரும்பி வந்ததும் டிரிப் மீட்டரில் யூனிட் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பாதையில் இரண்டு வண்டிக்கும் கிடைத்த இந்த எண், எந்தச் சோதனைக்கூடமும் தர முடியாத ஒப்பீடு.

படி 8: திரையும் மென்பொருளும்

வண்டி ஓடும்போது கண்ணாடி மூட்டத்தைப் போக்கவும், குளிர்சாதனக் காற்றைத் திருப்பவும், வேக எச்சரிக்கைச் சத்தத்தை அணைக்கவும் எத்தனை முறை திரையைத் தொட வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் போனால் அது தினசரி எரிச்சல்.

வண்டியின் சொந்த மேப்பில் உங்கள் நீண்ட பயணத்தைப் போட்டுப் பாருங்கள்: உங்கள் பகுதியின் சார்ஜர்களை அது அறிந்திருக்கிறதா, எத்தனை சதவீதத்தில் போய்ச் சேருவோம் என்று சொல்கிறதா. செயலியில் குளிர்சாதனத்தை முன்கூட்டியே போட எத்தனை நொடி ஆகிறது? எந்த வசதிகளுக்குச் சந்தா, எத்தனை வருடம் இலவசம், வண்டியை விற்றால் அடுத்தவருக்குப் போகுமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

படி 9: வாரண்டி, சர்வீஸ், மறுவிற்பனை

பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவது என்பது பரவலான வாரண்டி. மெர்சிடிஸ் ஈக்யூஈ வரிசைக்கு 10 வருடம், 2,50,000 கி.மீ. என்று கொடுத்தது. ஆன்போர்டு சார்ஜர், ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரசர், திரைகள் எல்லாம் சாதாரண வாரண்டியில்தான் வரும். பணம் பிடுங்கும் பாகங்கள் பேட்டரியை விட இவைதான். நீட்டிப்பு வாரண்டி வாங்கினால் இவற்றின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

12 வோல்ட் பேட்டரியும் உங்களை நடுவழியில் நிறுத்தக்கூடியது. பெரிய பேட்டரியில் 60 சதவீதம் இருந்தும், கதவைத் திறக்கவும் கணினியை எழுப்பவும் 12 வோல்ட் இல்லாவிட்டால் வண்டி எழாது. இரண்டு மாடல்களிலும் அது எங்கே இருக்கிறது, வெளியிலிருந்து ஜம்ப் கொடுக்கும் முனை எங்கே என்று கேட்டு வையுங்கள்.

இரண்டு மாடல்களின் திரும்ப அழைப்பு வரலாற்றையும் அரசுத் தளங்களில் சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஜாகுவார் ஐ-பேஸில் தீ அபாயம் காரணமாகக் குறிப்பிட்ட வண்டிகளின் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் மென்பொருள் போட வேண்டி வந்தது. ரேஞ்சுக்காக வாங்கியவருக்கு அது நேரடி இழப்பு. மாடல் இன்னும் தயாரிப்பில் இருக்கிறதா என்பதும் முக்கியம். க்யூ8 ஈ-ட்ரான் தயாரான பிரஸ்ஸல்ஸ் ஆலை 2025 பிப்ரவரியில் மூடப்பட்டது. நல்ல வண்டிதான், நல்ல விலைக்கும் கிடைக்கலாம். ஆனால் பாடி பாகங்களும் மென்பொருள் மேம்பாடும் எத்தனை வருடம் வரும் என்று டீலரிடம் எழுதி வாங்க வேண்டும்.

பிரீமியம் எலக்ட்ரிக் வண்டிகளின் மதிப்பு முதல் சில வருடங்களில் வேகமாகச் சரியும். மூன்று நான்கு வருடத்தில் மாற்றுகிறவர்கள் லீஸ் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு அதே சரிவு சாதகம், பேட்டரி ஆரோக்கியச் சான்றிதழ் கையில் இருந்தால்.

படி 10: முடிவெடுப்பது

இதுவரை எழுதியவற்றில் நான்கு எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: முதல் கட்ட தூரம், அடுத்த கட்ட தூரம், உங்கள் நீண்ட பயணத்தில் சார்ஜிங்குக்கு ஆகும் மொத்த நிமிடம், டெஸ்ட் டிரைவில் வந்த யூனிட். நிமிடத்தில் கால் மணிக்கும் குறைவான வித்தியாசம் என்றால் எண்களை ஒதுக்கிவிடுங்கள். அதற்கு மேல் முடிவு செய்ய வேண்டியது பின் சீட்டில் உட்கார்ந்தவர்கள். வித்தியாசம் அரை மணியைத் தாண்டி, அந்தப் பயணத்தை மாதம் ஒருமுறையாவது போகிறீர்கள் என்றால், சீட் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் வேகமாகச் சார்ஜ் ஆகும் வண்டிதான் சரி.

விருப்பத் தேர்வுகளில் ஹீட் பம்ப் (குளிர்ப் பகுதிக்கு), ஏர் சஸ்பென்ஷன், பின் சக்கரத் திருப்பம், சத்தம் தடுக்கும் இரட்டைக் கண்ணாடி ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்கலாம். அதிக சக்தி வேரியண்ட், 22 அங்குலச் சக்கரம் இரண்டையும் விட்டுவிடலாம். சாதாரண வேரியண்டே தேவைக்கு மேல் பாயும்.

டெலிவரி எடுக்கும் நாளிலும் முதல் வாரத்திலும்

வண்டி தயாரான மாதத்தையும், டயரில் உள்ள நான்கு இலக்கத் தேதி எண்ணையும் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். யார்டில் பல மாதம் நின்ற வண்டி என்றால் 12 வோல்ட் பேட்டரியைச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். சார்ஜிங் கேபிள்கள், இரண்டு சாவி, டயர் பழுது நீக்கும் கிட் எல்லாம் பட்டியலில் உள்ளபடி இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். செயலியில் உங்கள் பெயரில் வண்டி இணைந்து, கதவு திறப்பதைப் பார்த்த பிறகே ஷோரூமை விட்டுக் கிளம்புங்கள்.

முதல் வாரத்தில் ஒருமுறை, அரை மணி நேரம் ஓட்டி பேட்டரி வெதுவெதுப்பான பிறகு, வண்டியின் உச்ச வேகத்துக்குக் குறையாத டிசி சார்ஜரில் 10 சதவீதத்தில் சொருகுங்கள். 10, 30, 50, 70 சதவீதங்களில் திரையில் தெரியும் கிலோவாட், எடுத்த நிமிடம், ஏறிய யூனிட் எல்லாவற்றையும் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் சார்ஜிங் மெதுவாகிவிட்டது என்று சர்வீஸ் சென்டரில் சொல்லும்போது, அதே சார்ஜரில் எடுத்த இந்த எண்களைக் காட்டினால் வாரண்டிப் பேச்சு சீக்கிரம் முடியும்.